இடுப்பு மூட்டு வலி: மிதிக்க விடாதீங்க!

நாற்று நட்டு நிமிரும்போது இடுப்புக்குக் கீழே, ஒரு பக்கமா, ஒரே விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி வலிக்குதா? நாங்கள் கூட்டத்துக்குப் போகிற ஊரெல்லாம் கேட்கிற வலி இது. முதுகெலும்பின் அடிப்பாகமும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் வருவதாக இருக்கலாம். கர்ப்பகாலத்தில் இந்த மூட்டைக் கட்டியுள்ள நார்கள் தளரும். பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்கு வலி நீடிக்கும்.

உடனே குப்புறப் படுத்து மிதிக்கச் சொல்கிறோம். பேரன்தானே, எடை இல்லை என்று நினைக்காதீங்க. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிகிறது, முறிந்துபோகலாம்.

இயன்முறை மருத்துவர் கைவேலை வேறு. முதலில் மூட்டைச் சோதிப்பார். இறுகிய சதையை நீவித் தளர்த்துவார். தொடையைப் பிடித்துக்கொண்டு, "என் கைக்கு எதிரா மெதுவா தள்ளுங்க" என்பார். 5 விநாடி தள்ளி, தளர விடணும்; இப்படி நாலைந்து முறை. சொடக்கு எடுப்பது பயிற்சி பெற்றவர் மட்டும் செய்ய வேண்டியது.

வீட்டில், மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி, நடுவே தலையணை வைத்து 5 விநாடி அழுத்தி விடுங்க, 10 தடவை. வலி கூடினால் நிறுத்திடுங்க.

நடமாட முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. கிராம செவிலியரிடம் கேளுங்க. கால் மரத்து, சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போனால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.