"வண்டியில் தம் இல்லை" என்று வரும் டிராக்டர்

டீசல் மெக்கானிக் படித்துவிட்டு கொல்கத்தா பக்கம் பட்டறை வேலைக்கு வந்திருக்கிறீர்களா? டான்குனி, சிங்கூர் என ஹூக்ளி மாவட்டத்துக்குள் கால் வைத்துவிட்டால், பதினைந்து இருபது வருடம் ஓடிய டிராக்டர்தான் உங்களுக்குச் சோறு போடும். வருகிறவர் சொல்வதும் ஒன்றுதான்: "வண்டியில் தம் இல்லை மிஸ்திரி, பம்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க." அவர் கேட்பது கூடுதல் குதிரைத்திறன். பெரும்பாலும் அவருக்குத் தேவையோ, வாங்கும்போது இருந்து இடையில் தொலைந்துபோன திறன். அதைத் தேடி எடுத்துக் கொடுக்கத் தெரிந்தால் உங்கள் பட்டறையில் வேலைக்குப் பஞ்சமிருக்காது.

முதலில் ஊரின் காலக்கணக்கைப் பிடியுங்கள். ஆடி மாத மழையில் ஆமன் நெல் நடவு, நவம்பரில் உருளைக்கிழங்கு, ஜனவரியில் போரோ நெல்லுக்குச் சேற்றுழவு. இந்த நாட்களில் விவசாயி எவரும் இன்ஜினைப் பிரிக்க விடமாட்டார். பில்டர் மாற்றி, டேப்பட் வைத்து அனுப்புவதோடு சரி. ஹூக்ளி ஆற்றங்கரைச் செங்கல் சூளைகள் மழைக்காலத்தில் நின்றுவிடும். சூளையில் ஓடும் டிராக்டர்கள் ஓவர்ஹாலுக்கு வரும் சமயம் அதுதான். அவற்றின் பெரிய வேலையை அதுவரை தள்ளி வையுங்கள்.

அளவுகோல் இல்லாமல் கை வைக்காதீர்கள். 35 குதிரைத்திறன் என்று பானெட்டில் எழுதியிருப்பது இன்ஜினின் திறன். கதிரடிக்கும் மெஷின் போன்ற கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதம். பக்கத்து வயல்காரரின் வண்டியோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறவரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தின் பூத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே டிராக்டர்களை ஐ.எஸ். 5994 என்ற சோதனை முறைப்படி அளந்து அறிக்கை தருகிறார்கள். வந்திருக்கும் மாடலின் அறிக்கையைத் தேடி எடுத்து வைத்தால், பி.டி.ஓ. திறன், டீசல் செலவு இரண்டுக்கும் கணக்கு கையில் இருக்கும். பட்டறையில் டைனமோமீட்டர் இருக்காதுதான். ஒரு டேக்கோமீட்டரும் ஒரு கம்ப்ரஷன் கேஜும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இனி வேலை. செலவில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பம்பில் உள்ள லீவர் கடைசி ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். இணைப்புக் கம்பி தேய்ந்திருந்தால் தொடாது. லோடு இல்லாமல் அதிகபட்ச ஆர்.பி.எம். கம்பெனி சொன்ன எண்ணுக்கு வருகிறதா என்று டேக்கோமீட்டரில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் நேரே பம்பைக் கழற்றுகிறவர்கள் ஏராளம். அடுத்து டீசல் டேங்க் மூடியின் காற்றுத் துளை. அது அடைத்திருந்தால் வண்டி நன்றாகக் கிளம்பி, அரை மணியில் சோர்ந்துவிடும்.

சூளை வண்டி என்றால் ஆயில் பாத் ஏர் கிளீனரைத் திறக்காமல் விடக்கூடாது. செம்மண் தூளும் எண்ணெயும் சேர்ந்து அடியில் களியாகக் கிடக்கும். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். குறியைத் தாண்டி ஊற்றினால் எண்ணெயையே இன்ஜின் உறிஞ்சும். கிளீனருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் கிளீனர் இருந்தும் பயனில்லை, லைனரை மண் தின்றுவிடும். காற்றைப் பற்றி இன்னொன்று: 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வெயில் ஏறும்போது காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைகிறது. ஏப்ரல் மாத நண்பகலில் வரும் புகாரில் கொஞ்சம் வெயிலின் பங்கு.

புகையைப் படிக்கப் பழகுங்கள். கறுப்பு என்றால் காற்றுக் குறைவு, அல்லது நாசில் ஒழுக்கு. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை வந்தால் டைமிங் தவறியிருக்கலாம், கம்ப்ரஷன் இறங்கியிருக்கலாம், தண்ணீரும் புகுந்திருக்கலாம். நாசில்களைப் பம்பு சர்வீஸ் கடையில் கொடுத்து, திறக்கும் அழுத்தத்தையும் ஸ்பிரேயையும் பார்க்கச் சொல்லுங்கள். பம்பு டைமிங்கையும் சரிபாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் பெட்ரோல் வண்டிப் பழக்கம் இங்கே ஏமாற்றும். டீசலில் எரியறை சிறியது, ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்து அளவை ஏற்றிக் காட்டும். அதைவிட, ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, எவ்வளவு ஊதுகிறது என்று பார்ப்பது நம்பகமானது.

இவ்வளவும் சரியாக இருந்தால் வயலுக்கே போய்விடுங்கள். பின் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது, உழும்போது எவ்வளவு என்று அளக்கவும். உழும்போது தூரம் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திறன் டயரிலேயே வழுக்கிப் போகிறது. டயர் தேய்ந்திருக்கலாம், எடை போதாமல் இருக்கலாம். இன்ஜினைத் தொடாமலே சரியாகும் புகார் இது.

உதிரி பாகத்துக்கு எல்லோரும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரைக் காட்டுவார்கள். பழைய பாகங்களுக்குப் பேர்போன இடம்தான். மூடி, பிராக்கெட், மட்கார்டு அங்கே வாங்கலாம். நாசில், லைனர், பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. புதிதை பில்லோடு வாங்கி, பில்லை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.

பம்பு ஸ்குரூவை ஏற்றச் சொல்லி அடம்பிடிக்கிறவருக்கு என்ன பதில்? அதன் மேல் சீல் வைத்திருப்பது சும்மா இல்லை. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். பழைய இன்ஜினில் டீசலும் காற்றும் அவ்வளவு நன்றாகக் கலப்பதில்லை, அந்த எல்லைக்கு வெகு முன்பே கறுப்புப் புகை வந்துவிடும். பிறகு ஊற்றும் டீசல் பிஸ்டனைச் சுடத்தான் பயன்படும். கவர்னரைத் திருகி 10 சதவீதம் வேகம் கூட்டினாலோ, கனெக்டிங் ராடின் மேல் விழும் இழுவிசை 21 சதவீதம் கூடும். 540-இல் சுற்ற வேண்டிய பி.டி.ஓ. 594-இல் சுற்றும், கதிரடிக்கும் மெஷினுக்கு அது ஆபத்து. டர்போ மாட்டினால் திறன் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆயில் லைன் வேண்டும், பிஸ்டனைக் குளிர்விக்க வழி வேண்டும், கிளட்சும் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். பழைய 35-இல் இவை எதுவும் அதற்காகச் செய்தவை அல்ல.

படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் போலவே டிராக்டர் மெக்கானிக் என்ற தனிப் பிரிவும் உண்டு. ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்கள் சென்னை கிண்டியில் தயாராகின்றன, தமிழிலும் கிடைக்கும். மேற்கு வங்கத்துக்கும் டிராக்டருக்கும் பழைய உறவு இருக்கிறது. 1974-இல் சந்தைக்கு வந்த சுவராஜ் டிராக்டரின் வடிவமைப்பு, துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததுதான்.

வேலைச் சீட்டில் வந்தபோதிருந்த ஆர்.பி.எம்., கம்ப்ரஷன், புகை நிறம், போகும்போதிருந்தவை என இரண்டையும் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். தகராறு வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும். திறனை ஏற்றுவதில் சட்டச் சிக்கலும் உண்டு: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆகவே 35-ஐ 45 ஆக்கித் தரச் சொல்கிறவரிடம், இதை விற்றுவிட்டு 45 வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த வேலையை எடுக்காதீர்கள்.