கூகுள் மேல கேஸ் போட்டா நம்ம பணம் என்ன ஆகும்?

2024 நவம்பர்ல ஒரு நாள் காலைல கிளையண்ட் ஒருத்தங்க போன் பண்ணாங்க. 29 வயசு, ஒரு அமெரிக்க டெக் கம்பெனியோட சென்னை ஆபீஸ்ல வேலை. "சார், கூகுளைப் பிரிக்கப் போறாங்களாம். என் நாஸ்டாக் 100 ஃபண்டை வித்துடட்டுமா?"

பயத்துக்குக் காரணம் இருந்தது. குரோம் பிரவுசரை கூகுள் வித்தே ஆகணும்னு அமெரிக்க நீதித்துறை கோர்ட்ல கேட்டிருந்தது. ஆல்ஃபபெட் ஷேர் ஒரே நாள்ல 4 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. சரி, கணக்குப் போடுவோம்னு சொன்னேன். அந்த இன்டெக்ஸ்ல ஆல்ஃபபெட் பங்கு அப்போ சுமார் 5 சதவீதம். அது 5 சதவீதம் விழுந்தா ஃபண்டுக்கு அடி கால் சதவீதம். அவ்வளவுதான்.

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். பெரிய கம்பெனியா இருக்கிறது குற்றம் இல்லை. அந்த பலத்தை வச்சு போட்டியாளரை உள்ளே வரவிடாம பண்றதுதான் குற்றம். ஐபோன்ல கூகுள் தேடல்தான் டீஃபால்ட்டா இருக்கணும்னு 2022-ல மட்டும் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் போயிருக்கு. இந்த மாதிரி ஒப்பந்தங்களால ஏகபோகத்தைச் சட்டவிரோதமா காப்பாத்திக்கிட்டாங்கன்னு 2024 ஆகஸ்ட்ல நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பு சொன்னார்.

இப்போ முதலீட்டாளரா யோசிங்க. அபராதச் செய்தியைப் பார்த்து பதறாதீங்க. நம்ம போட்டி ஆணையம் 2022 அக்டோபர்ல கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கேட்க பெருசா இருக்கு. ஆனா அந்த வருஷம் ஆல்ஃபபெட்டோட லாபம் கிட்டத்தட்ட 6,000 கோடி டாலர். வகுத்துப் பாருங்க, அபராதம் ஏறக்குறைய ஒரே ஒரு நாள் லாபம்! அபராதம் ஒரு தடவை செலவு. தொழில் நடத்துற முறையை மாத்தச் சொன்னாத்தான் வருஷா வருஷம் வர்ற வருமானம் மாறும்.

அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. அந்தப் பணம் கொடுக்கிறதையே தடை பண்ணியிருந்தா கூகுளுக்குச் செலவு மிச்சம். ஆப்பிளுக்கோ, பெருசா செலவே இல்லாம வர்ற வருமானம் போயிடும். கேஸ் ஒருத்தர் மேல, ரிஸ்க் இன்னொருத்தர் மேல! 2025 செப்டம்பர் 2-ம் தேதி தீர்ப்புல குரோமை விக்கத் தேவையில்லை, பணம் கொடுக்கலாம், ஆனா 'நாங்க மட்டும்தான்'னு ஒப்பந்தம் போடக்கூடாது, தேடல் தரவுல ஒரு பகுதியை போட்டியாளர்களுக்குக் கொடுக்கணும்னு வந்துச்சு. மறுநாள் ஆல்ஃபபெட் சுமார் 9 சதவீதம் ஏறிச்சு. ஆப்பிளும் 3 சதவீதத்துக்கு மேல ஏறிச்சு.

அப்போ எப்பவுமே பயப்பட வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2000 ஏப்ரல்ல தீர்ப்பு எதிரா வந்தப்போ மைக்ரோசாஃப்ட் ஷேர் ஒரே நாள்ல சுமார் 14 சதவீதம் விழுந்துச்சு. இரண்டாப் பிரிக்கணும்ங்கிற உத்தரவை 2001-ல மேல்முறையீட்டு கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. ஆனாலும் 1999 உச்சத்தை அந்த ஷேர் தாண்டினது 2016-லதான். கேஸ் மட்டும் காரணம் இல்லை. பிஇ 60-க்கு மேல இருந்தப்போ வாங்கினவங்களுக்கு, கேஸே இல்லைன்னாலும் அதே கதிதான்னு நான் நினைக்கிறேன். பிரிச்சா நஷ்டம்னும் இல்லை. 1984-ல ஏடி அண்ட் டியைப் பிரிச்சப்போ 10 ஷேர் வச்சிருந்தவருக்கு ஏழு புதுக் கம்பெனியிலயும் தலா ஒரு ஷேர் கிடைச்சது, பழைய ஷேரும் கையிலயே இருந்துச்சு.

போன்ல பேசும்போதுதான் நிஜமான பிரச்சினை வெளியே வந்துச்சு. அவங்க மொத்த சேமிப்புல பாதிக்கு மேல சொந்தக் கம்பெனியோட ஆர்எஸ்யூ. சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கே. நாளைக்கு அந்தக் கம்பெனி மேலயே கேஸ் வந்து ஆள்குறைப்பு நடந்தா இரண்டும் ஒண்ணா அடிபடும். ஃபண்டைத் தொட வேண்டாம், ஆர்எஸ்யூல 24 மாசம் தாண்டினதை முதல்ல வித்து வேற இடத்துல பிரிச்சுப் போடுங்கன்னு சொன்னேன். அதுக்கு லாபத்துல 12.5 சதவீத வரிதான். 24 மாசத்துக்குள்ள வித்தா ஸ்லாப் ரேட்.

வித்துட்டாங்க. ஐடிஆர் போடும்போது பார்த்தா, முந்தின வருஷம் ஷெட்யூல் எஃப்ஏ-ல இந்த ஷேரைக் காட்டவே இல்லை. விக்கலைன்னாலும் காட்டணும், அதுவும் ஜனவரி–டிசம்பர் கணக்குல. அதைச் சரி பண்ற வழியை அடுத்த வீடியோல ஃபார்மைத் திறந்து வச்சே காட்டுறேன்.