பெடலை மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு சிக்னலையும் பாருங்க

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போற ரோட்டில் ஒரு கார் பஸ்ஸை முந்தும்போது திடீர்னு இழுவை இல்லாமப் போகுதுன்னு வைங்க. செக் இன்ஜின் விளக்கு எரியும். ஓரங்கட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகிடும். ஸ்கேனரில் பி2138 என்ற கோடு மட்டும் இருக்கும். உடனே புது பெடல் வாங்கிடுவாங்க. சில நாள்ல அதே கோளாறு திரும்ப வரும். ஏன்?

இப்போதைய கார்களில் ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல் என பொதுவா 6 ஒயர். பல கார்களில் ஒரு சிக்னல் இன்னொன்றின் இரண்டு மடங்கு: 0.8 வோல்ட்டுக்கு 0.4, 4 வோல்ட்டுக்கு 2. இந்த விகிதம் கெட்டால் எதை நம்புறதுன்னு ஈசியூவுக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக பவரைக் குறைத்து லிம்ப் மோடுக்குப் போகும். ஆக, கோடு சொல்வது "ரெண்டும் ஒத்துப்போகலை" என்பது மட்டுமே.

சின்ன கணக்கு: சென்சார் 10 மில்லிஆம்பியர் எடுக்குது. உப்புக்காத்தில் பாசம் பிடித்த கிரவுண்ட் பின்னில் 30 ஓம் கூடினால், ஓம் விதிப்படி 0.3 வோல்ட் ஏறும். 0.4 காட்ட வேண்டியது 0.7 கிட்ட காட்டும். பெடல் மேல தப்பே இல்லை!

கண்டுபிடிக்கும் வரிசை:

1. கோடை அழிக்காதீங்க. முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தைக் குறிச்சுக்கோங்க.

2. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். இரண்டு சிக்னலையும் கிராஃபில் வைத்து மெதுவா மிதிங்க. எப்பவும் ஒரே இடத்தில் குதித்தால் சென்சார் மேல சந்தேகம்.

3. பெடலைத் தொடாம ஒயரையும் கனெக்டரையும் ஆட்டுங்க. அப்போ குதித்தால் ஒயரிங். சாதா மல்டிமீட்டர் இந்த நொடிநேரக் குதிப்பைத் தவறவிடும், ஆஸிலோஸ்கோப் நல்லது.

4. கனெக்டரைக் கழட்டாம, சென்சார் கிரவுண்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட்டேஜ் பாருங்க. சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கேயோ ரெசிஸ்டன்ஸ் இருக்கு.

சில சமயம் பெடலேதான் குற்றவாளி. டொயோட்டா கார்களை ஆராய்ந்த நாசா, 2011 அறிக்கையில், பழுதான ஒரு கேம்ரி பெடல் சென்சாருக்குள் முடியைவிட மெல்லிய டின் இழை முளைத்து இரண்டு சிக்னலையும் ஷார்ட் செய்திருந்ததைக் காட்டியது. அவங்களும் அளந்து பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தாங்க. நாமும் கோளாறை வரவழைத்து, கண்ணால் பார்த்த பிறகே பார்ட்ஸை மாத்துவோம்.