வீட்டுப் பட்டறையில் ஒரு டீசல் வண்டி

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களிலும் சபா, சரவாக் மாநிலங்களின் செம்மண் பாதைகளிலும் நான்கு சக்கர இயக்க வண்டிகள் அன்றாடம் ஓடுகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு உயிர்நாடியாக விளங்குவது டர்போ பொருத்திய டீசல் இயந்திரமாகும். இத்தகைய வண்டியை வைத்திருப்போர் சிலர், விடுமுறை நாள்களில் வீட்டு முற்றத்தையே பட்டறையாக்கிக் கொள்கின்றனர். எண்ணெய் மாற்றுவது, பழுது பார்ப்பது, புதிய பாகங்களைப் பொருத்துவது எனத் தம் கையாலேயே செய்கின்றனர். இது செலவைக் குறைக்கும், அறிவையும் வளர்க்கும். ஆயினும், முறையறியாமல் செய்தால் பணத்தோடு உயிரும் போகக்கூடும்.

பழுது பார்ப்பதற்கு முன், இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ஃப் டீசல், 1897ஆம் ஆண்டில் தம் இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்ற வைக்கத் தீப்பொறி தேவை. டீசல் இயந்திரத்தில் அது தேவையில்லை. காற்று மிகுந்த அழுத்தத்திற்கு உள்ளாகும்போது கடும் வெப்பமடைகிறது. அக்காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றி எரிகிறது.

டர்போவின் வேலை, இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதாகும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். வீணாக வெளியேறும் புகையின் விசை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகி விரிவடையும் என்பதால், இண்டர்கூலர் எனும் குளிர்விப்பான் அதனைக் குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது. காற்று மிகுந்தால் அதிக டீசலை முழுமையாக எரிக்கலாம், ஆற்றலும் பெருகும்.

இனி, ஒரு சூழலைக் கருதுவோம். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. பின்புறம் கரும்புகை கிளம்புகிறது. ‘டர்போ கெட்டுவிட்டது’ என்று முடிவு செய்து, ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவில் புதியதை வாங்குவோர் உண்டு. பொருத்திய பிறகும் வண்டி திணறினால் என்ன செய்வது? கரும்புகை, டீசலுக்கு ஏற்ற அளவு காற்று கிடைக்கவில்லை என்பதற்கான அறிகுறி. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். இண்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்திருக்கலாம். இவற்றைக் கண்ணாலும் கையாலும் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். நீலப்புகை தொடர்ந்து வந்தால், இயந்திர எண்ணெய் எரிகிறது என்று பொருள். அப்போது டர்போவையும் சந்தேகிக்கலாம். எனவே, எளிய காரணத்தை முதலில் சோதித்து, பிறகே கடினமான காரணத்துக்குச் செல்ல வேண்டும். நல்ல மெக்கானிக்கின் முதற்கருவி ஸ்பானர் அன்று, ‘ஏன்?’ என்னும் கேள்வியே.

பராமரிப்பும் அத்தகைய புரிதலிலிருந்தே பிறக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது. அதனை உராய்வின்றித் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆகவே, இயந்திர எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது இன்றியமையாதது. நெடிய ஏற்றத்தில் சுமையோடு ஏறி வந்தவுடன் இயந்திரத்தை அணைத்துவிடாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவதும் நன்று. மலேசியாவில் விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து பெறப்படும் உயிரி டீசலும் கலக்கப்படுகிறது. உயிரி டீசல் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். எனவே, டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும்.

அடுத்து, பாதுகாப்பு. ஜேக் என்பது வண்டியைத் தூக்குவதற்கான கருவி. தாங்கி நிற்பதற்கானது அன்று. அது நழுவினால், இரண்டு டன் எடையுள்ள வண்டி அடியில் இருப்பவர் மீது விழும். உறுதியான சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இறக்கிய பின்னரே அடியில் செல்ல வேண்டும். புதிய வகை டீசல் இயந்திரங்களில் எரிபொருள் ஆயிரம் பார் அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அதன் கசிவைக் கையால் தடவித் தேடினால், டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அத்தகைய வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. கழித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் கலனில் சேகரித்து, முறையாகப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

பழுது பார்த்த பிறகு பலருக்கும் வரும் ஆசை தரமுயர்த்துதல். கணினி அமைப்பை மாற்றி டீசலைக் கூட்டினால் ஆற்றல் பெருகும். கூடவே புகையின் வெப்பமும் பெருகும். அந்தச் சுமையைக் கிளட்ச் தாங்குமா? குளிர்விக்கும் அமைப்பு ஈடுகொடுக்குமா? பெரிய டயர்களைப் பொருத்தினால் சேற்றில் ஏறலாம். ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடலாம். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஓர் உறுப்பை மாற்றினால், அதனோடு இணைந்த மற்ற உறுப்புகளும் அதன் விளைவை ஏற்க வேண்டியிருக்கிறது. மேலும், இயந்திரத்தையோ வண்டியின் அமைப்பையோ மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. அனுமதியற்ற மாற்றம், விபத்து நேரும்போது காப்புறுதிக் கோரிக்கையையும் பாதிக்கக்கூடும்.

ஆற்றைக் கடக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. காற்றுக் குழாய் வழியாக நீர் இயந்திரத்துக்குள் புகுந்தால், உள்ளிருக்கும் இரும்புத் தண்டுகளும் வளைந்துவிடும். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி, காலுக்கு மட்டுமன்றிச் சக்கரத்துக்கும் பொருந்தும்.

தன் கையால் ஒரு வேலையைச் செய்து முடிப்பது பெருமைக்குரியது. எதைத் தானே செய்யலாம், எதைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிந்திருப்பது அதனினும் பெருமைக்குரியது. அந்த வண்டியில் நாளை ஏறப்போவது நம் குடும்பமே அல்லவா?

சிந்தித்து விடையளிக
1. கரும்புகையைக் கண்டவுடன் டர்போவை மாற்றுவது ஏன் தவறாகலாம்?
2. ஜேக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லக் கூடாது என்பதற்கான காரணத்தை விளக்குக.
3. ‘ஓர் உறுப்பை மாற்றினால் மற்ற உறுப்புகளும் அதன் விளைவை ஏற்க வேண்டும்.’ இக்கருத்தை வேறோர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.