சமன்பாடும் ஒரு பேரேடே

புழல் வட்டாரச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் யூரியா மூட்டையைக் காட்டி, "ஐயா, இதில் நைட்ரஜன் 46 சதவிகிதம் என்று போட்டிருக்கிறது. மீதி 54 பங்கு என்ன? கலப்படமா?" என்று வினவினார். சங்கத்தின் நாணயத்தைத் தொடும் கேள்வி இது. விடையை இரசாயனச் சமன்பாடே கூறும்.

புழலுக்கு அருகிலுள்ள மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. யூரியா பிறக்கும் முறையில் முதற்படி அம்மோனியா. இதன் மூலக்கூறில் நைட்ரஜன் அணு ஒன்று, ஹைட்ரஜன் அணு மூன்று. நைட்ரஜன் வாயுவோ இரண்டிரண்டு அணுவாகவே வரும். எனவே இரண்டு அம்மோனியாவுக்கு ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் வேண்டும். ஹைட்ரஜனும் இரண்டிரண்டாக வருவதால் மூன்று மூலக்கூறுகள் போதும். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மட்டுமே திருத்தலாம். பொருளின் அமைப்பைத் தொடலாகாது. சமன்செய்தல் என்பது இதுவே. இரு பொருள்கள் கூடி ஒன்றாவதால் இது சேர்க்கை வினை.

அடுத்து, இரண்டு அம்மோனியாவும் ஒரு கரியமில வாயுவும் சேர்ந்து முடிவில் ஒரு யூரியாவும் ஒரு நீர் மூலக்கூறும் ஆகின்றன. எடையில் காண்போம்:

வரவு: அம்மோனியா 34 கிலோ, கரியமில வாயு 44 கிலோ, ஆக 78.
பற்று: யூரியா 60 கிலோ, நீர் 18 கிலோ, ஆக 78.

இருபுறமும் ஒத்தன. இந்த 60 கிலோவில் நைட்ரஜன் 28; எஞ்சியவை கரி 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 4. நூற்றுக்குக் கணக்கிட்டால் நைட்ரஜன் 46க்குச் சற்று மேல். ஆகவே மீதிப் பங்கு கலப்படமன்று. யூரியாவின் உடலே அது. 45 கிலோ மூட்டையில் பயிருக்குரிய நைட்ரஜன் ஏறக்குறைய 21 கிலோ.

ஆனால் உண்மையான இழப்பு வயலில் நேர்கிறது. ஈரமண்ணில் யூரியா நீருடன் வினைபுரிந்து, மீண்டும் அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். மேலாக வீசிவிட்டு வெயிலில் விட்டால், அந்த அம்மோனியாவில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். கடன் வாங்கிய பணமன்றோ உடன் போகிறது!

நெசவாளரும் வினைகளை அறிவர். அவுரித் தொட்டியிலிருந்து எடுத்த நூல் காற்றுப்பட்டதும் நீலமாவது ஆக்சிஜனேற்ற வினை.

எனவே யூரியாவை மண்ணோடு கலந்திடுக. ஒரேயடியாக இடாது தவணைகளாகப் பிரித்திடுக. இயற்கையின் பேரேட்டில் எதுவும் தொலைவதில்லை. நம் பெயரில் வரவாகிறதா, காற்றின் பெயரிலா என்பதே கேள்வி.