கலங்காத உள்ளம்

நாளை என்ன நிகழும் என்பதை முற்ற அறிந்தவர் ஒருவரும் இலர். விதைத்த உழவன் மழையை எதிர்நோக்குகிறான்; தேர்வு எழுதிய மாணவன் முடிவை எதிர்நோக்குகிறான்; நோயுற்றவரின் சுற்றத்தார் மருத்துவரின் சொல்லை எதிர்நோக்குகின்றனர். இவ்வாறு எதிர்நோக்கியிருக்கும் காலமே மக்களுக்கு மிகவும் கடினமான காலமாகும். துன்பம் வந்துவிட்டால், அதனைத் தாங்குதற்குரிய வலிமையை உள்ளம் எவ்வாறேனும் தேடிக்கொள்ளும். வருமோ வாராதோ என்னும் ஐயமோ, வாராத துன்பத்தையும் வந்ததாக எண்ணச் செய்து நாள்தோறும் நம்மை வாட்டும். அத்தகைய காலத்தில் உள்ளம் கலங்காமலும் முகமலர்ச்சி குன்றாமலும் வாழ்தல் இயலுமா? இயலும் என்பதற்கு நம் நாட்டு ஊர் ஒன்றின் அண்மைக்கால வரலாறே சான்றாக உள்ளது.

மதுரை மாநகருக்கு வடக்கே, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கு நடுவே அமைந்துள்ளது அலங்காநல்லூர். இவ்வூரின் பெயரைக் கேட்ட அளவிலே நம் நினைவுக்கு வருவது சல்லிக்கட்டு. ஆயர்குல இளைஞர் காளையை அடக்கும் ஏறு தழுவுதலைச் சங்க நூல்களுள் ஒன்றாகிய கலித்தொகை விரித்துரைக்கின்றது. அப்பழைய வீர விளையாட்டின் வழித்தோன்றலே இன்றைய சல்லிக்கட்டு எனலாம். பொங்கல் திருநாளை ஒட்டி, தை முதல் நாள் அவனியாபுரத்திலும், இரண்டாம் நாள் பாலமேட்டிலும், மூன்றாம் நாள் அலங்காநல்லூரிலும் இவ்விழா நிகழ்வது வழக்கம். வாடிவாசலிலிருந்து முதலில் வெளிவருவது கோயில் காளை. அதனை எவரும் தொடுவதில்லை, வணங்கி வழிவிடுவர். அதன் பின்னரே ஏனைய காளைகள் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடப்படும்.

வழிவழியாக வந்த இவ்விழாவுக்கு 2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் ஒரு தடை நேர்ந்தது. விளையாட்டில் காளைகள் துன்புறுத்தப்படுகின்றன என்னும் முறையீட்டை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சல்லிக்கட்டு நடத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. வாயில்லா உயிர்க்கு இரங்குதல் அறமே. அதனை ஒருவரும் மறுக்கவியலாது. ஆயினும், காளையைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் வளர்த்துவந்த மக்களுக்கு அத்தீர்ப்பு பெருங்கவலையைத் தந்தது. 2015-ஆம் ஆண்டு தை பிறந்தது, வாடிவாசல் திறக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள், விழாவை நடத்தலாம் என நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஊரெங்கும் மகிழ்ச்சி பொங்கிற்று. ஐந்தே நாள்களில், சனவரி 12-ஆம் நாள், அவ்வறிவிக்கைக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பொங்கிய மகிழ்ச்சி அடங்கிப்போயிற்று. இனி என்றேனும் இவ்விழா நிகழுமா, நிகழாதா என்பதை உறுதியாகச் சொல்ல எவராலும் இயலவில்லை.

இவ்விடத்தில் காளை வளர்ப்போரின் நிலையை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சல்லிக்கட்டுக் காளை ஏரில் பூட்டப்படுவதன்று; வண்டி இழுப்பதன்று; பால் தருவதுமன்று. ஆண்டு முழுவதும் அதற்குச் செலவே உண்டு. பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தவிடும் வைத்தல் வேண்டும். நாள்தோறும் நடத்திச் செல்லுதல் வேண்டும். குளத்தில் நீந்தவிட்டு அதன் மூச்சை வலுப்படுத்துதல் வேண்டும். மண்மேட்டைக் கொம்பால் குத்திக் கிளறப் பழக்குதல் வேண்டும். இவையனைத்தும் தை மாதத்தின் ஒரு நாளுக்காக. அந்த ஒரு நாளே வருமோ வாராதோ என்னும்போது, வளர்ப்பவர் என் செய்வார்? காளையை விற்றுவிட்டவரும் உளர். அவரை நாம் குறை கூறுதல் தகாது. வறுமையும் வறட்சியும் வருத்தும்போது, பயன் தாராத காளைக்குத் தீனி வாங்குதல் எளிதன்று. எனினும், விற்காமல் காத்தவரும் உளர். அவர்தம் உள்ளத்திண்மையே நாம் கற்கவேண்டிய பாடமாகும்.

அவர்களைத் தாங்கி நின்றது எது? எதிர்காலத்தைப் பற்றிய உறுதி அன்று; அவ்வுறுதி எவர்க்கும் இல்லை. செல்வமும் அன்று, காளை வளர்ப்போருள் சிறு உழவரும் கூலியாளரும் பலர். அவர்களைத் தாங்கியது நாள்தோறும் செய்யவேண்டிய பணியே. வழக்கின் செய்தி நல்லதாயினும் தீயதாயினும், மாலையில் காளைக்குத் தீனி வைத்தாகவேண்டும். தடை என்று செய்தி வந்த நாளிலும் அதற்குப் பசித்தது. அறிவிக்கை என்று செய்தி வந்த நாளிலும் அதற்குப் பசித்தது. தம் மகிழ்ச்சி முழுவதையும் செய்தியில் கட்டிவைத்தவர் அந்த ஐந்து நாள்களில் மேலேறிக் கீழே விழுந்தனர். காளையின் கழுத்தைத் தடவி, அது தலையசைத்துக் கையை நக்குவதில் இன்பம் கண்டவரோ வருந்தினாலும் நிலைகுலையவில்லை. நாளைய விழா அவர்கள் கையில் இல்லை. இன்றைய தீனி அவர்கள் கையில் இருந்தது.

இவ்வுண்மையை ஏறு தழுவும் வீரனும் நமக்கு உணர்த்துகின்றான். காளையின் கொம்பைப் பிடித்தலோ, வாலைப் பிடித்து இழுத்தலோ கூடாது; திமிலை மட்டுமே தழுவுதல் வேண்டும் என்பது விதி. அவ்வாறு தழுவியபடி 15 மீட்டர் தொலைவோ, 30 நொடியோ, காளையின் மூன்று துள்ளலோ நிலைத்திருப்பவனே வென்றவன் ஆவான். காளை எத்திசையில் பாயும் என்பதை அவன் அறியான். அதனைத் தன் விருப்பப்படி செலுத்தவும் அவனால் இயலாது. அவன் செய்யத்தக்கது ஒன்றே: பற்றவேண்டிய இடத்தைப் பற்றி, அந்தச் சிறுபொழுது விடாதிருத்தல். பார்க்குமிடமெல்லாம் கை நீட்டுபவன் தூக்கி எறியப்படுவான். ஐயம் சூழ்ந்த காலத்தில் நாமும் எல்லாவற்றையும் பற்ற முயல்கிறோம். நம்மால் மாற்ற இயலுவது எது, இயலாதது எது என்று பகுத்தறிந்து, இயலுவதை மட்டும் உறுதியாகப் பற்றினால் உள்ளத்தின் சுமை பாதியாகக் குறையும்.

இது காளை வளர்ப்போர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று. இப்பகுதி உழவரின் வாழ்வும் இத்தகையதே. 1876-ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தைத் தாது ஆண்டுப் பஞ்சம் என்று முதியோர் வழங்குவர். அதன் பின்னர், மேற்கே வீணாகக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலை குடைந்து வைகைக்குத் திருப்பும் பணி 1887-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. காட்டு வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துச் சென்றது. காய்ச்சல் தொழிலாளரை வாட்டியது. ஆயினும், பென்னிகுயிக் என்னும் பொறியாளரும் அவருடன் உழைத்தோரும் பணியைக் கைவிடவில்லை. 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணை திறக்கப்பெற்றது. அந்நீரே பேரணையிலிருந்து கால்வாய் வழியே மதுரைச் சீமையின் வயல்களுக்கு வருகின்றது. அணை இருந்தும், எந்த ஆண்டு எப்போது நீர் திறக்கப்படும் என்பது மழையைப் பொறுத்ததே. நீர் வரும் வரையில் நல்ல உழவன் வானத்தையே நோக்கி அமர்ந்திருப்பதில்லை. வரப்பை வெட்டுகிறான், வாய்க்காலைத் தூர்வாருகிறான், விதைநெல்லைக் காய வைக்கிறான். நீர் வந்தபின் இவற்றைச் செய்யத் தொடங்குபவன் பருவத்தை இழப்பான்.

உள்ளம் கலங்காமைக்குத் துணைசெய்வது மற்றொன்றும் உண்டு. அது கூடி வாழ்தல். தனியே சுமக்கும் கவலை மலைபோல் தோன்றும். பலர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் அதுவே சிறு கல்லாகும். 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அலங்காநல்லூர் மக்களும், பிற ஊர்களிலிருந்து வந்த இளைஞர்களும் வாடிவாசல் முன் அமர்ந்து, விழாவுக்கு இசைவு வேண்டி அறப்போர் தொடங்கினர். அது சென்னைக் கடற்கரைக்கும் தமிழகத்தின் பிற நகரங்களுக்கும் பரவிற்று. பறையொலியும் பாட்டும் சிலம்பமும் அங்கே இருந்தன. அமர்ந்திருந்தோர்க்கு உணவும் நீரும் கொண்டுவந்து தந்தோர் பலர். கவலைக்குரிய காலத்திலும் மக்கள் சிரிக்கவும் பாடவும் மறக்கவில்லை. கலங்காமை என்பது வாளா இருத்தல் அன்று. நேரிய வழியில் தம் வேண்டுகோளை எடுத்துரைத்தலும் அதனுள் அடங்கும்.

சனவரி 21-ஆம் நாள் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. மறுநாளே விழா நடத்த ஏற்பாடாயிற்று. ஆனால், ஊர் மக்கள் நிலையான சட்டமே வேண்டும் என்று கூறி, அன்று வாடிவாசலைத் திறக்க இசையவில்லை. மூன்றாண்டு காத்திருந்தவர்கள், கைக்கு எட்டிய விழாவை வேண்டாவென்று தள்ளி இன்னும் சில நாள் காத்திருக்கத் துணிந்தனர். அமைதியான உள்ளத்திற்கே இத்துணிவு வரும். சனவரி 23-ஆம் நாள் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறிற்று. பிப்ரவரி 10-ஆம் நாள், தை முடியுமுன்னே, அலங்காநல்லூரில் காளைகள் சீறிப் பாய்ந்தன. விற்காமல் காத்தவரின் காளைகள் அன்று களத்துக்கு வந்தன. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாளிலேயாம். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. ஒன்பது ஆண்டும் கவலையிலேயே கழித்திருந்தால், வாழ்வில் எஞ்சுவது யாது?

இடையே உலகையே நடுங்கச் செய்த கொரோனாத் தொற்று வந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பெற்றது. பள்ளிகள் மூடப்பட்டன, தொழில்கள் முடங்கின, அன்புடையோரை இழந்த குடும்பங்கள் பல. 2022-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு ஆகையால், அலங்காநல்லூர் விழா மறுநாளுக்கு மாற்றப்பெற்றது. பெருந்திரளான மக்கள் கூடும் களத்தில் 150 பார்வையாளர்க்கே இசைவு கிடைத்தது. விழா சுருங்கிற்று, ஆயினும் நின்றுபோகவில்லை. பெரிய மகிழ்ச்சிக்கு இடமில்லாத காலத்தில் சிறிய மகிழ்ச்சியை நன்றியுடன் ஏற்றுக்கொள்ளுதலும் ஓர் அறிவே.

திருவள்ளுவர் பொருட்பாலில் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அது 63-ஆம் அதிகாரம். அதற்கு முன்னுள்ள 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முதலில் முயற்சி, அதன் பின்னரே துன்பத்துக்கு அழியாமை. இவ்வைப்பு முறையே நமக்கு ஓர் அறிவுரை. முயற்சியில் ஈடுபட்டிருப்பவனை இடுக்கண் எளிதில் வெல்வதில்லை. அவ்வதிகாரத்தில், தடை நேரும் இடந்தோறும் தளராமல் முயல்பவனுக்கு வள்ளுவர் உவமை காட்டுவதும் ஓர் எருதையே. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் பாரம் இழுக்கும் எருது, வழி முழுவதும் நேராகட்டும் என்று நிற்பதில்லை. அடுத்த அடியை ஊன்றி வைக்கின்றது.

மாணவர்களே! உங்கள் வாழ்விலும் ஐயம் சூழும் நாள்கள் வரும். தேர்வு முடிவு வரவில்லையே என்று வருந்துவீர்கள். தந்தையின் தொழில் நலிந்ததே என்று அஞ்சுவீர்கள். கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வந்து உள்ளத்தை அலைக்கும். அந்நாள்களில் சில செயல்களை மறவாதீர்கள். உரிய நேரத்தில் உண்ணுங்கள், உறங்குங்கள். அன்று படிக்கவேண்டிய பாடத்தை அன்றே படியுங்கள். செய்திக்கு ஒரு நேரம் வகுத்து, எஞ்சிய பொழுதை அதற்கு இரையாக்காதீர்கள். தாய்க்கு ஒரு குடம் நீர் எடுத்துத் தாருங்கள். தம்பி தங்கையுடன் சிறிது விளையாடுங்கள். கவலை மிகும்போது தனித்து அமராமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம் திறந்து சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அழுதல் இழுக்கு அன்று. கலங்காத உள்ளம் என்பது துன்பத்தை உணராத கல்லன்று. துன்பத்தை உணர்ந்தும் தன் கடமையை விடாத உள்ளமே அது.

மகிழ்ச்சி என்பது, ஐயங்களெல்லாம் தீர்ந்தபின் ஒருநாள் வந்து சேரும் விருந்தன்று. ஐயங்கள் சூழ்ந்திருக்கும் இன்றே, கையிலுள்ள நற்பணியைச் செய்வதில் அது பிறக்கின்றது. நாளை வாடிவாசல் திறக்கலாம், திறவாமலும் போகலாம். இன்று தொழுவத்தில் நிற்கும் காளைக்குத் தீனி வைப்பது நம் கடமை. அதனை அன்போடு செய்பவர் உள்ளத்தைக் கலக்கம் வெல்லாது.