கட்டிலுக்குக் கீழே 312 பிரதிகள்

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

முதல் புத்தகம் போடப்போகிற பிள்ளைகளை யாரோ என் கொட்டாஞ்சேனை அறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு வந்து, மூன்று மாதத்துக்கென்று எடுத்த அறை இது. இருப்பது ஒரு கதிரை. நீங்கள் இருந்தால் நான் நிற்கவேண்டும். பிளேன்டீக்கும் ஒரு கோப்பைதான். ஆகவே, சொல்லவேண்டியதை எழுதியே தந்துவிடுகிறேன்.

1. 300க்கு மேல் அச்சடிக்காதீர்கள். கூட அடித்தால் பிரதி ஒன்றுக்கு விழுகிற செலவு குறையும் என்று அச்சகக்காரர் சொல்வார். பொய்யில்லை. ஆனால் மிச்சத்தை அவர் தன் வீட்டில் வைக்கமாட்டார். நான் 500 அடித்தேன். 312 கட்டிலுக்குக் கீழே இருந்தன. போன 188இல் விற்றது எத்தனை என்று கேட்கிற பிள்ளைக்குத் தேத்தண்ணி கிடையாது. ஒருநாள் கட்டில் கால் முறிந்தது. பிரதிகளை அடுக்கி முண்டு கொடுத்தேன். ‘என் கதைகளே என்னைத் தாங்கின’ என்று ஒரு நேர்காணலில் சொல்வதற்காக வைத்திருக்கிறேன். நேர்காணத்தான் ஒருவரையும் காணோம்.

2. வெளியீட்டு விழா. எங்கள் சனத்துக்கு இடம் தெரியும்: வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கை, கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கிய சங்கம், நல்ல நூலகமும் உண்டு. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை என்று போய் உங்கள் ஏற்புரை வரும்போது சபையில் மிஞ்சியிருப்பவர் உங்களுடைய மாமா. நயவுரைக்காரர் முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு வந்திருப்பார். ஆகவே முன்னுரையை நன்றாக எழுதுங்கள். முதற் பிரதிக்கு ஒரு புடைவைக்கடை முதலாளி, பிறகு சிறப்புப் பிரதிகள். ஒவ்வொருவராக மேடையேறி என்வலப்பைத் தந்து, புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நிற்பார்கள். அன்றிரவு எண்ணிப் பார்த்தால் பணக்காரன் போலிருக்கும். இருக்காது. அது கலியாண வீட்டு என்வலப் மாதிரி, திருப்பிச் செய்யவேண்டிய காசு. அடுத்த மாதம் என்வலப் தந்தவருடைய விழா, அதற்கடுத்த மாதம் அவருடைய மகளின் கவிதைத் தொகுதி. எனக்கு இன்னும் பதினொரு பேருடைய கடன் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நான் வெள்ளவத்தைப் பக்கம் போவதில்லை. தனிமை, தனிமை என்று கதைகளில் எழுதினேனே, அதில் பாதி இந்தப் பதினொரு பேரால் வந்தது.

3. கடையில் பிரதி கொடுத்தால் துண்டு எழுதி வாங்குங்கள். எத்தனை வீதம் கழிவு, எப்போது கணக்குப் பார்ப்பது என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு கடைக்கு நான் இரண்டு வருடம் கழித்துப் போனேன். புதிதாக நின்ற பொடியன் புத்தகத்தைத் தட்டிப் பார்த்து, “இவர் இருக்கிறாரா ஐயா?” என்றான். செத்துப்போனார் என்றேன். முகம் மலர்ந்து, முன்தட்டில் எடுத்து வைத்தான்.

4. கூச்சம் வேண்டாம். இது நான் கேளாத அறிவுரை. டொமினிக் ஜீவாவைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுதியவர். 1960இல் வந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். பரிசு பெற்ற எழுத்தாளர், வெள்ளை வேட்டியோடு, இதழ்களைத் தானே சுமந்து தெருத்தெருவாக விற்றார். கொழும்புக்கு வந்த பின்பும் மல்லிகை நிற்கவில்லை. ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது, என் அறையிலிருந்து நடக்கிற தூரம். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிய சஞ்சிகை. 2021 ஜனவரியில் அவர் காலமானார். அவரைப் பார்த்து நானும் தோளில் போட ஒரு பை வாங்கினேன். செட்டியார் தெரு வரைக்கும் போனேன். தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்தது, மரக்கறி வாங்க வந்ததாகச் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பையில் மரக்கறிதான்.

5. புதுமைப்பித்தனோடு உங்களை ஒப்பிடாதீர்கள். அவர் 1948இல், 42 வயதில், காசநோயில் போனார். எனக்கு 74. என் இருமல் புத்தகத் தூசியால் வருவது.

6. உங்கள் புத்தகத்துக்கு நீங்களே வாசகர் கடிதம் எழுதாதீர்கள். ஒரு புனைபெயரில் புகழ்ந்து எழுதினேன், பிரசுரமானது. நம்பும்படியாக இருக்கவேண்டுமே என்று இன்னொரு பெயரில் மறுப்பும் எழுதினேன். மறுப்பில் நியாயம் இருந்தது.

7. அறுபது தாண்டினால் கலாபூஷணம் விருதுக்கு விண்ணப்பிக்கலாம். சாதனைகளை நாமே விபரமாக எழுதவேண்டும். ஒரு கிழமை இருந்து எழுதினேன். என் புனைகதைகளில் அதுவே சிறந்தது. தபாலில் போட மனம் வரவில்லை.

8. 2022ஐ மறந்திருக்கமாட்டீர்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அப்போதுதான் போத்தல் பேப்பர்க்காரர் என் புத்தகத்துக்கு முதன்முதலாக நல்ல விலை சொன்னார். எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன் என்றேன். மட்டை பளபளப்பு, அதைக் கிழித்துவிட்டுத் தாருங்கள் என்றார். நிலத்தில் இருந்து ஒன்றைக் கிழிக்கப் பிரித்தேன். 43ஆம் பக்கத்தில் ‘கிழவி’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கிளவி’. இத்தனை வருடமாக ஒருவரும் சொல்லவில்லை. பேனையை எடுத்துத் திருத்தினேன். அடுத்ததையும் எடுத்தேன். தராசோடு நின்றவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

இதுவரை 271 திருத்தியாயிற்று. வரும்போது ஒரு நீலப் பேனை கொண்டுவாருங்கள். கறுப்பு வேண்டாம், ஒத்துவராது.